துப்பாக்கிக்கு ஒரு தோல் உறை

எங்கள் வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. சொன்னால் பயப்படுவார்கள், பார்த்தால் சிரிப்பார்கள். சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற அளவுதான். என் உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனிகள் வெளியே தெரியும். பெல்ஜியத்தில் செய்தது, வயது நூறை ஒட்டி இருக்கும். என் மாமனார் பதனிடாத பச்சைத் தோல் வாங்க ஆந்திரப் பக்கம் லாரியில் போய் வந்தவர். பேரணாம்பட்டு தாண்டி மலைப்பாதையில் வழிப்பறி பயம் இருந்த காலத்தில் லைசென்ஸ் எடுத்து, மெட்ராஸில் ஓர் ஆயுதக் கடையில் அதைப் பழையதாக வாங்கினாராம். அதை வைத்து யாரையும் சுட்டதில்லை, மிரட்டியதுகூட இல்லை. அவர் இறந்த பிறகு வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் என் கணவர் பெயருக்கு மாறியது.

கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"இன்னாங்க இது, இதால சுட்டா கொசுகூட சாவாது போல."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏய், இது சுடறதுக்கு இல்ல. நல்ல மெஷின். அவ்ளோதான்" என்றார்.

அவர் எதையும் மெஷின் என்றுதான் பார்ப்பார். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். தோலைப் போட்டு உருட்டுகிற மர டிரம்மின் பல்சக்கரம் கத்தினால், வாசலில் நின்று கேட்டே எந்தப் பல் தேய்ந்தது என்று சொல்வார். நான் அதே தொழிற்சாலையின் லேபில் முப்பது வருஷம் இருந்தேன். தோலை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு அமிலம் எவ்வளவு என்று பார்ப்பது, இழுத்துப் பார்ப்பது, சாயம் போகிறதா என்று தேய்த்துப் பார்ப்பது என் வேலை. தோல் என் பக்கம், இரும்பு அவர் பக்கம். "உன் தோலு நாறுது" என்பார். "உங்க கிரீஸ் மட்டும் மல்லிப்பூவா?" என்பேன். இப்படியே முப்பது வருஷம் போயிற்று.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலின் பக்கத்தில் இரும்பு வரக்கூடாது. பட்டால் மை கொட்டியது போலக் கறுப்பு விழும், பிறகு என்ன செய்தாலும் போகாது. ஈரத் தோல் அடுக்கியிருக்கிற இடத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி கிடந்தாலும் நான் கத்துகிற கத்தலில் சூப்பர்வைசரே ஓடிவருவார். என் கணவர் ஸ்பேனரோடு அந்தப் பக்கம் வந்தால் அவரையும் விடமாட்டேன். "இரும்பைத் தள்ளி வைங்க, தோலு கெட்டுடும்" என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ தெரியாது.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உட்காருவார். கூடத்தில் தினசரித் தாளை விரிப்பார். பழைய பனியன் துணி, தேய்ந்துபோன டூத் பிரஷ், தையல் மெஷின் எண்ணெய். வீட்டில் தோட்டா கிடையாது. இருந்த சிலவற்றை லைசென்ஸ் பெயர் மாறிய வருஷமே கடையில் ஒப்படைத்துவிட்டார். ஆனாலும் முதலில் உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை பார்ப்பார், அதுவும் ஜன்னல் வெளிச்சத்தில். பிறகு மேல் மூடியை இழுத்துப் பிரித்து ஒவ்வொரு துண்டாகத் துடைத்து வரிசையாக அடுக்குவார். எண்ணெய் விடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். "ஜாஸ்தி விட்டா தூசி ஒட்டும், கம்மியா விட்டா துரு ஏறும்" என்று தனக்கே சொல்லிக்கொள்வார். எல்லாம் முடிந்து பூட்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் வருகிற திருப்தியைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். நான் வைத்த எந்தக் குழம்புக்கும் அந்த முகம் வந்ததில்லை.

பிறகு எண்ணெய் ஊறிய வேட்டித் துணி ஒன்றில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, பீரோவில் பூட்டுவார். தேர்தல் வந்தால் சட்டப்படி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவருவார். அது திரும்பி வரும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. வந்ததும் "எவனோ வேர்த்த கையோட தொட்டிருக்கான்" என்று திட்டிக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து துடைப்பார். நான் அடுப்படியிலிருந்து கிண்டல் செய்வேன். அவர் காதில் வாங்கமாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் பிழைத்தார். கால் மெல்லத் திரும்பி வந்தது. வலது கை வரவில்லை. பேச்சு பாதி வந்தது. மனதில் வார்த்தை இருக்கிறது, வாய்க்கு வந்து சேர நேரமாகிறது. "அவரே சொல்லட்டும்மா, நீங்க காத்திருங்க" என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் என்னிடம் படித்துப் படித்துச் சொன்னாள். காத்திருப்பதா, நானா? குக்கர் விசில் வருவதற்குள் மூன்று முறை அடுப்பைப் பார்ப்பவள் நான்.

"த..." என்பார். "தண்ணியா? இந்தாங்க" என்று சொம்பை நீட்டுவேன். "ஃபே..." என்பார். எழுந்து ஃபேனைப் போடுவேன். பத்தில் எட்டு முறை சரியாகத்தான் இருந்தது, அதுதான் வம்பு. வீட்டுக்கு வருகிறவர்களும் அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு "எப்படி இருக்காரு?" என்று என்னைக் கேட்பார்கள். நானும் சொல்வேன். ஆஸ்பத்திரியில் வலி எங்கே என்று அவரைக் கேட்டால் நான் சொல்வேன். என்ன ஒரு கெட்டிக்காரி, புருஷனை எப்படித் தாங்குகிறாள் என்று நாலு பேர் சொன்னார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

பிஸ்கட் டின் என் பொறுப்புக்கு வந்தது அப்போதுதான். ஒரு நாள் திறந்து பார்த்தேன். அந்த எண்ணெய்ச் சிக்குத் துணியைக் கண்டதும் எனக்கு அவமானமாக இருந்தது. தோல் ஊரில் இருந்துகொண்டு, தோலிலேயே காலம் தள்ளிய வீட்டில், இந்த மனுஷன் உயிராக நினைக்கிற பொருளைப் பழைய வேட்டியிலா சுற்றி வைப்பது? நான் வேலையிலிருந்து நிற்கும்போது மாதிரித் தோல்கள் சில கொடுத்தார்கள். அதில் ஒன்று மரப்பட்டையில் பதனிட்ட கன்றுத் தோல்; தேன் நிறம், தொட்டால் கையை எடுக்க மனம் வராது. அவருக்கு ஓர் உறை தைத்துத் தருவோம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் சாம்பிள் தைத்துக்கொண்டிருந்த பாய் இப்போது வீட்டிலேயே பர்ஸ் தைக்கிறார். அவரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேடம், அந்தச் சாமானை மட்டும் இங்க கொண்டாராதீங்க. பேஜாரா பூடும்."

"நான் இன்னா கூறு கெட்டவளா பாய்? அட்டையில வரைஞ்சு எடுத்தாந்திருக்கேன், பாருங்க."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோதானா? என் பேரனோட ஷூ இதைவிடப் பெரிசு மேடம்" என்று சிரித்தார். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. உள்ளே மிருதுவான பக்கம் வருகிற மாதிரி, துப்பாக்கியோடு ஒட்டினாற்போல, ஒரு பிரஸ் பட்டனோடு தைத்துக் கொடுத்தார். தையல் ஒன்றுகூடக் கோணவில்லை. முப்பது வருஷம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய எனக்கு அதில் ஒரு குறையும் அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துணியிலிருந்து எடுத்தேன். எண்ணெய் பிசுபிசுத்தது. அப்படியே உறையில் போட்டால் என்ன ஆகும்? தோல் எண்ணெயைக் குடித்துக் கறை விழும். தேன் நிறத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் சுத்தமான பனியன் துணியை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் மிச்சமில்லாமல் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். பளபளவென்று ஆனதும் உறையில் நுழைத்துப் பட்டனைப் போட்டு அவர் மடியில் வைத்தேன்.

அவர் இடது கையால் தடவிப் பார்த்தார். "நல்லா..." என்றார். "நல்லா இருக்கா?" என்றேன் பெருமையோடு. தலையாட்டினார். பிறகு கீழே கிடந்த வேட்டித் துணியைக் காட்டி, "துணி... துணில..." என்று ஆரம்பித்தார்.

"துணியும் வேணாம் டின்னும் வேணாம். சும்மா இருங்க, எல்லாம் நான் பாத்துக்குறேன்" என்று துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தார். எனக்கு அடுப்பில் பால் இருந்தது.

அது ஆடி மாதம். ஐப்பசியும் கார்த்திகையும் விடாமல் மழை. பீரோவில் வைத்த புடவைகூட நமுத்துப்போன வாடை அடித்தது. நானும் சும்மா இல்லை. மாதம் ஒரு முறை உறையை வெளியே எடுத்து, பூஞ்சை பிடிக்காமல் க்ரீம் தடவி, துடைத்து வைத்தேன். உறைக்குத்தான்! பட்டனைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. சில ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பீரோவைக் கை காட்டுவார். "பத்திரமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு இட்லியை ஊட்டுவேன்.

தை பிறந்து கடிதம் வந்தது. மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது எங்கள் ஃபைல் வேலூரிலிருந்து புது அலுவலகத்துக்குப் போயிருந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்கும் முன் ஆயுதத்தை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும், அதிலுள்ள நம்பரை லைசென்ஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், லைசென்ஸ்தாரரும் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. பத்து நாள் இருந்தது. நம்பரைப் பார்த்து வைத்துக்கொள்வோம் என்று, அவர் மதியம் தூங்கிக்கொண்டிருந்தபோது உறையைத் திறந்தேன்.

துப்பாக்கி வெளியே வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். வந்ததை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பும் செம்மண் நிறமுமாகப் பொரிந்து கிடந்தது. விரலால் தடவினால் பொடியாக உதிர்ந்தது. விசைக்கு மேலே, அவர் ஒவ்வொரு முறையும் டூத் பிரஷால் தேய்க்கிற அந்த இடத்தில், நம்பர் இல்லை. முதலில் ஒரு மூன்று போல ஏதோ தெரிந்தது. அதுவும் மூன்றுதானா, சொறியா என்று சொல்ல முடியவில்லை.

லேபில் இருந்தவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பட்டையில் பதனிட்ட தோலில் அமிலம் இருக்கும். எவ்வளவு இருக்கும் என்று தினம் அளந்து எழுதியவளே நான்தான். ஈரக்காற்றில் அது இரும்பைத் தின்னும். காவலுக்கு இருந்த எண்ணெயையும் நானே துடைத்தெடுத்தேன், தோலில் கறை படக்கூடாதென்று. முப்பது வருஷம் இரும்பால் தோலுக்கு என்ன ஆகும் என்றே பார்த்தவள், தோலால் இரும்புக்கு என்ன ஆகும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. கெட்டுப்போகிற பொருள் என்னுடையது மட்டும்தான் என்கிற நினைப்பு. வேறு ஊர்க்காரி செய்திருந்தால் தெரியாமல் செய்தாள் என்று விடலாம். நான் செய்யலாமா?

முன்பு லைசென்ஸ் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஆளுக்குப் போன் செய்து, யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். "நம்பர் அழிஞ்ச துப்பாக்கியா? அய்யோ, அது கேஸ்மா. லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவருமேலதான் வரும்" என்றார். போனை வைத்தேன். எழுந்து நிற்க ஊன்றுகோல் வேண்டிய மனுஷனை, வாயைத் திறந்து ஒரு வரி சொல்ல முடியாத மனுஷனை, என் வேலையால் போலீஸ் எதிரில் நிறுத்தப்போகிறேன்.

இரண்டு நாள் மறைத்து வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் தாங்கவில்லை. துப்பாக்கியைக் கொண்டுபோய் அவர் எதிரில் தினசரித் தாளின்மேல் வைத்துவிட்டு, "நான் கெடுத்துட்டேங்க" என்று அழுதேன்.

அவர் அதை இடது கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம்பர் இருந்த இடத்தைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"தோலு... ஆவாது" என்றார் கடைசியில். "அப்பா... ஒரு தரம்... வெச்சாரு. துரு. அதான்... துணி."

"தெரியுமா? தெரிஞ்சுதான் இருந்தீங்களா? பின்ன ஏங்க அன்னிக்கே சொல்லல?"

"சொன்னேன்." வெகு நேரம் கழித்து மீதி வந்தது. "நீ... விடல."

எனக்குச் சுருக்கென்றது. குப்பைக் கூடையில் துணியைப் போட்ட என் கை கண் முன்னால் வந்தது. மன்னித்துவிடுங்கள் என்று என் வாழ்க்கையில் அவரிடம் சொன்னதில்லை, அன்று சொன்னேன். அவர் என் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினார். கோபமா சமாதானமா என்று தெரியவில்லை.

"இப்ப இன்னா பண்றதுங்க? அங்க கேட்டா இன்னா சொல்றது?"

"நான்... சொல்றேன்."

"இன்னா சொல்வீங்க? எங்கிட்ட சொல்லுங்க முன்னாடியே."

மாட்டேன் என்று தலையாட்டினார். "உங்கிட்ட சொன்னா... நீ... சொல்லிடுவ."

அந்த ஒரு வாரமும் அவர் வாயிலிருந்து அதைப் பிடுங்கப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். நான் கிட்டே போனால் நிறுத்திவிடுவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கப் பழகுவது போல இருந்தது.

குறித்த நாளில் அந்தப் புது அலுவலகத்துக்கு ஆட்டோவில் போனோம். எதிரில் உட்கார்ந்த அதிகாரி வயதில் சின்னவர், மரியாதையாகப் பேசினார். பக்கத்தில் ஆயுதங்களைச் சோதிக்கிற போலீஸ்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து வைத்ததும் அந்தப் போலீஸ்காரர் உச்சுக் கொட்டினார். "இன்னா சார் இது, நம்பரே காணோமே."

அதிகாரி நிமிர்ந்தார். என் கணவரைப் பார்த்தார், ஊன்றுகோலைப் பார்த்தார், பிறகு எல்லோரும் செய்வது போல என் பக்கம் திரும்பினார். "என்னம்மா ஆச்சு? நீங்க சொல்லுங்க."

நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. உறை, மழை, அமிலம், நான் பாவி என்பது வரை. மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்திருப்பேன். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவரு சொல்வாரு சார்" என்றேன்.

அதிகாரி பேனா மூடியைத் திறந்து மூடினார். என் கணவரின் உதடு அசைந்தது, நின்றது.

"உள்ள..." என்றார். "குழல்ல... இன்னொரு... நம்பர் இருக்கு."

முப்பது வருஷம் அவர் துடைத்ததைப் பார்த்தவள் நான். அது எனக்குத் தெரியாது. போலீஸ்காரருக்கும் தெரியவில்லை போல. மேல் மூடியை இழுத்தார், துருவில் சிக்கியது. "மெல்ல" என்றார் இவர். "இழுத்து... கால் திருப்பு... குழலை." போலீஸ்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தார். ஃபிட்டர் ஷெட்டில் அவர் எதிரில் நின்று வேலை கேட்ட ஆட்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கடைசியில் விரல் நீளக் குழல் ஒன்று தனியாக வந்தது. அத்தனை வருஷத்து எண்ணெய் அதில் இன்னும் மினுமினுத்தது. போலீஸ்காரர் ஜன்னலுக்கு எடுத்துப் போய், "இருக்கு சார், சின்னதா இருக்கு, அஞ்சு நம்பர்" என்றார்.

அதிகாரி லைசென்ஸ் புத்தகத்தைக் கையால் மூடிக்கொண்டு இவரைப் பார்த்தார். இந்த முறை என் பக்கம் திரும்பவில்லை. "சார், நீங்களே சொல்லுங்க. நம்பர் என்ன?"

"மூணு" என்றார். போலீஸ்காரர் தலையாட்டினார். "ஏழு." தலையாட்டல். "ஒண்ணு... ரெண்டு." பிறகு வரவில்லை. நெற்றியில் வியர்வை பூத்தது. "எ... எட்டு" என்றார், போலீஸ்காரர் தலை ஆடவில்லை. "இல்ல, இல்ல" என்று தானே மறுத்தார். லைசென்ஸை ஜெராக்ஸ் எடுத்தபோது நான் பார்த்திருக்கிறேன், கடைசி நம்பர் ஆறு. என் தொண்டையில் அந்த ஆறு முள் மாதிரி நின்றது. அவர் இடது கை மேசை விளிம்பைப் பற்றியது. அதைப் பிடித்துக்கொள்ளக்கூட நான் கை நீட்டவில்லை. நீட்டினால் வாயும் திறந்துவிடும் என்று பயம்.

"ஆறு" என்றார்.

போலீஸ்காரர் "கரெக்ட் சார்" என்று சத்தமாகச் சொன்னார். எனக்குக் கண்ணீர் கொட்டியது. அதிகாரி ஏதோ எழுதினார். நம்பர் ஒத்துப்போகிறது, கேஸ் ஒன்றும் வராது, லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க் கடையில் துருவை எடுத்துச் சான்றிதழ் வாங்கி வந்தால் புதுப்பித்துத் தருகிறேன் என்றார். எனக்கு அந்த அதிகாரியின் காலில் விழலாம் போல இருந்தது. வேட்டித் துணி எங்கே வாங்குவது, எந்த எண்ணெய் என்றெல்லாம் மனம் ஓடியது. இனிமேல் இரண்டு ஞாயிறு என்ன, நாலு ஞாயிறும் நானே துடைப்பேன், அவர் சொல்லச் சொல்லத் துடைப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். கொசு சாகாது என்று கிண்டல் செய்தவளுக்கு அந்தப் பொருள்மேல் அன்றுதான் முதல் முறையாக ஆசை வந்தது.

"வேணாம்" என்றார் என் கணவர்.

"என்ன சார்?"

"சரண்டர்... பண்றேன்."

"ஏங்க!" என்று கத்தியேவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. இன்னும் முடிக்கவில்லை என்று மட்டும் சொல்கிற பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இதுக்கு... கை வேணும்" என்றார் அதிகாரியிடம். "எனக்கு... இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு முகவாயால் என்னைக் காட்டினார். "அவ... என்னைப் பாத்துக்குறா. அதுவே... ஜாஸ்தி."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார். வேண்டும் என்று சொல்லத்தான் மனம் துடித்தது. என் தப்பை நானே சரிசெய்ய ஒரு வழி கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டும் போல இருந்தது. அவர் ஆறு என்று சொல்லி வாங்கியதை இப்படிக் கொடுத்துவிடுகிறாரே என்று ஆத்திரமாகவும் வந்தது.

"அவரு பேர்ல இருக்கறது சார்" என்றேன். "அவரு சொல்றதுதான்."

எழுத்தர் ஒருவர் படிவம் கொண்டுவந்தார். என் கணவரின் வலது கையைப் பார்த்துவிட்டு, கைரேகை வைக்க மை அட்டையை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு, இடது கையில் பேனாவை வாங்கினார். இனிஷியல் கோணலாக வந்தது. அடுத்த எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று. நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். எழுத்தர், போலீஸ்காரர், அதிகாரி, நான், நாலு பேரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கையெழுத்தை முடித்துப் பேனாவைக் கீழே வைக்கும்வரை நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.